உப்பை உரம் தின்னுமா?

உப்பு மண்ணில் பயறு விளையுமா என்று கேட்டால், இப்போதெல்லாம் விடை ஆயத்தமாகவே இருக்கிறது. "தொழு உரம் போடுங்கள், மண்புழு உரம் போடுங்கள், உப்பு தானே குறைந்துவிடும்" என்பார்கள். வேளாண்மைத் துண்டுப் பிரசுரங்களிலும், மாடித் தோட்டக் குறிப்புகளிலும், பட்டமேற்படிப்பு மாணவரின் ஆய்வேடுகளிலும்கூட இந்த வாக்கியத்தைச் சிறு சிறு மாறுதல்களோடு காணலாம். அது முழுப் பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. பாதி உண்மையை நம்பிப் பயறு விதைப்பவர் விதைக் காசையும் ஒரு பருவத்தையும் இழக்க நேரிடும். ஆகவே அந்த வாக்கியத்தைச் சற்று உரசிப் பார்ப்போம். இதற்கு வேளாண் பட்டம் வேண்டியதில்லை. உயர்நிலைப் பள்ளிப் பௌதிகமும் கூட்டல் பெருக்கலும் போதும்.

இரு நோய்களுக்கு ஒரே பெயர்

முதற் குறை பெயரிலேயே தொடங்குகிறது. தமிழில் உவர் நிலம் என்றும் களர் நிலம் என்றும் இரு சொற்கள் உள்ளன. உழவர்கள் இவ்விரண்டையும் பெரும்பாலும் பிரித்தே அறிந்திருக்கிறார்கள். எழுதுகிறவர்கள்தாம் இரண்டையும் "உப்பு மண்" என்று ஒரே சாக்கில் கட்டிவிடுகிறார்கள்.

உவர் நிலம் என்பது நீரில் கரையும் உப்புகள் மிகுந்த நிலம். கோடையில் அதன் மேல் வெள்ளைப் பொருக்குப் பூத்திருக்கும். களர் நிலத்தில் கரையும் உப்பு அதிகமிராது. அங்கே சோடியம் அயனிகள் களிமண் துகள்களைப் பற்றிக்கொண்டிருக்கும். அதன் அமில-காரக் குறியீடு 8.5க்கு மேல் இருக்கும். நனைந்தால் சேறாகக் குழையும். காய்ந்தால் கல்லாக இறுகும். தண்ணீர் உள்ளே இறங்காது. 1954இல் அமெரிக்காவின் ரிவர்சைடு உவர்மண் ஆய்வுக்கூடம் வகுத்த எல்லைகளையே இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். மண்ணை நீரால் நிறைத்துப் பிழிந்தெடுத்த சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உவர் மண். மண் பற்றியுள்ள நேர் அயனிகளில் சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் அது களர் மண். இரண்டும் ஒருங்கே உள்ள நிலமும் உண்டு.

காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் ஒரே மருந்தை எழுதித் தரும் வைத்தியரிடம் நீங்கள் போவீர்களா? "உப்பு மண்ணுக்கு இயற்கை உரம்" என்னும் அறிவுரை, எந்த மண் என்று சொல்லாத வரையில், அத்தகைய மருந்துச் சீட்டுதான்.

ஓர் ஏக்கரின் கணக்கு

முதலில் உவர் நிலத்தைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நிலத்தில் மேல் 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள மண்ணின் எடை ஏறத்தாழ 1,700 டன். நீரால் நிறைத்தால் அது எடையில் 40 விழுக்காடு நீரைக் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 680 டன் நீர். சாற்றின் மின்கடத்துதிறன் 10 டெசிசீமன்ஸ் என்றால், லிட்டருக்குச் சுமார் 6.4 கிராம் உப்பு இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள். அந்த ஏக்கரில் உள்ள உப்பு 4 டன்னுக்கும் மேல்!

இதற்கு எதிராக நாம் போடும் தொழு உரம் எவ்வளவு? வழக்கமான பரிந்துரை ஏக்கருக்கு 5 டன். அதில் ஈரத்தையும் கலந்துள்ள மண்ணையும் கழித்தால், உண்மையான கரிமப் பொருள் ஒன்றேகால் டன் தேறலாம். அது முழுவதும் நன்கு மக்கிய மட்காகவே மாறியது என்றும், அதன் ஒவ்வோர் இடுக்கிலும் சோடியம் மட்டுமே ஒட்டிக்கொண்டது என்றும் தாராளமாக வைத்துக்கொள்வோம். அப்போதுகூட அது பிடித்து வைக்கும் சோடியம் நூறு கிலோவை எட்டாது. கடல் உப்பாக இருந்தால், அந்த 4 டன்னில் சோடியம் மட்டுமே ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். அன்றியும் மட்கு சோடியத்தைவிடக் கால்சியத்தையே விரும்பிப் பற்றும்.

எனவே உரம் உப்பைத் தின்னாது. உப்பை அழிக்கவும் முடியாது. அது மக்கிப் போகும் பொருளன்று. ஓரிடத்திலிருந்து அதனைக் கரைத்து இன்னோரிடத்திற்குக் கொண்டு போகத்தான் முடியும். கொண்டு போகும் வண்டி தண்ணீர் ஒன்றே. 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள மண்ணின் ஊடே 30 சென்டிமீட்டர் நல்ல நீர் இறங்கிச் சென்றால், அதிலுள்ள உப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கீழே போய்விடும் என்பது களத்தில் கண்ட தோராய விதி.

பயறு ஏன் முதலில் சாய்கிறது?

வேர் நீரை உறிஞ்சுவது சவ்வூடுபரவலால். மண் நீரில் உப்பு ஏற ஏற, வேர் எதிர்த்து இழுக்க வேண்டிய அழுத்தமும் ஏறும். மின்கடத்துதிறன் ஓர் அலகு கூடினால் இந்த அழுத்தம் சுமார் 0.36 வளிமண்டலம் கூடும். கடல் நீரில் அது ஏறத்தாழ 25 வளிமண்டலம். பெரும்பாலான பயிர்கள் நிரந்தரமாக வாடிவிடும் எல்லையாகப் பாடநூல்கள் கூறுவது 15 வளிமண்டலம். ஈரம் கண்ணுக்குத் தெரியும் மண்ணிலும் செடி தாகத்தால் சாவது இதனால்தான்.

எல்லாப் பயிரும் ஒரே அளவில் தாங்குவதில்லை. 1977இல் மாஸ், ஹாஃப்மன் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் தொகுத்துப் பின்னர் திருத்தப்பட்ட பட்டியலில், விளைச்சல் குறையத் தொடங்கும் எல்லை பார்லிக்கு 8, பருத்திக்கு 7.7, தட்டைப்பயறுக்கு 4.9, நிலக்கடலைக்கு 3.2, நெல்லுக்கு 3, பீன்ஸுக்கோ வெறும் 1. அந்த எல்லைக்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் பீன்ஸ் 19 விழுக்காடு விளைச்சலை இழக்கும். நம் உளுந்தும் பாசிப்பயறும் உப்பைத் தாங்காத கூட்டத்தைச் சேர்ந்தவையே. ஆகவே "பயறு வகைகள்" என்று பொதுவாகப் பேசுவதும் தவறு. தட்டைப்பயறு தலை நிமிர்ந்து நிற்கும் மண்ணில் பீன்ஸ் முளைத்ததோடு முடிந்துவிடலாம்.

பயறுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றிலுள்ள நைட்ரஜனை அது தானாகப் பெறுவதில்லை. ரைசோபியம் என்னும் பாக்டீரியங்கள் வேர்த்தூவி வழியே நுழைந்து, வேர்முண்டு அமைத்து, நைட்ரஜனைச் செடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கின்றன. பாக்டீரியம் தனியே உப்பை ஓரளவு தாங்கும். ஆனால் அது வேரில் நுழைந்து முண்டு அமைக்கும் கட்டம் மிக மென்மையானது. செடி உயிரோடிருக்கும் உப்பு நிலையிலேயே முண்டுகள் குறைந்துவிடும்; இலை மஞ்சளாகும்.

சோதனைகளில் காணாத தொட்டி

இங்கேதான் பெரும்பாலான சோதனைகள்மீது என் முதன்மையான குற்றச்சாட்டு எழுகிறது. வழக்கமான சோதனை எப்படி நடக்கிறது? சில தொட்டிகளில் மண்ணை நிரப்பி, அளந்த உப்பு நீரை ஊற்றி, பாதித் தொட்டிகளில் மக்கு உரம் கலந்து, பயறு விதைத்து, 30 அல்லது 45 நாள் கழித்துச் செடியை நிறுத்துப் பார்க்கிறார்கள். உரமிட்ட செடி கனமாக இருக்கிறது. உடனே, "மக்கு உரம் உப்பின் கேட்டைத் தணித்தது" என்று முடிவு எழுதப்படுகிறது.

வாசகர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். மக்கு உரத்தில் நைட்ரஜன் இருக்கிறது. வேர்முண்டு குறைந்து நைட்ரஜனுக்கு ஏங்கும் செடிக்கு நைட்ரஜனைக் கொடுத்தால் அது பசுமையாகத்தானே செய்யும்? உப்பு அங்கேயே இருக்கிறது, பசிதான் தீர்ந்திருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், அதே அளவு நைட்ரஜனை வேறு வழியில் கொடுத்த தொட்டி ஒன்று வேண்டும். உப்பில்லாத நல்ல மண்ணிலும் உரமிட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, நல்ல மண்ணில் உரம் செடியின் எடையை 40 விழுக்காடு கூட்டுகிறது, உவர் மண்ணிலும் அதே 40 விழுக்காடு கூட்டுகிறது என்று கொள்வோம். அப்போது உரம் உரமாக மட்டுமே வேலை செய்திருக்கிறது. உப்புக்கு மருந்தாக அன்று. நல்ல மண்ணில் 40, உவர் மண்ணில் 80 என்று வந்தால்தான் "தணித்தது" என்ற சொல்லுக்கு இடமுண்டு.

தொட்டியின் அடியில் துளை இருந்ததா என்பது அடுத்த கேள்வி. துளையிருந்து நீர் வடிந்தால், உப்பும் வடிந்திருக்கும். பயறு பிழைத்தது உரத்தாலா, வடிந்த நீராலா? சோதனையின் முடிவில் மண்ணின் மின்கடத்துதிறனை மீண்டும் அளந்து காட்டினால் ஐயம் தீரும். அதனைக் காட்டாத முடிவுகளைப் பாதி முடிவுகள் என்றே கொள்ள வேண்டும்.

நாகப்பட்டினம் சொல்லும் பாடம்

தொட்டியை விட்டு வயலுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. சம்பா நெல் நின்ற வயல்களிலும் கடல் நீர் புகுந்து, உப்புச் சேற்றைப் படியவிட்டுச் சென்றது. ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் பாழானது. காவிரிக் கடைமடையில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னரே, நிற்கும் நெல்லினூடே உளுந்தையும் பாசிப்பயறையும் தெளித்துவிடுவார்கள். மண்ணில் எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது விளையும். கூடுதல் தண்ணீர் கேட்காத இந்தத் தைப் பட்டப் பயறுதான் சிறு உழவரின் கைச்செலவுக்கு உதவும் பணம். கடல் புகுந்த வயல்களில் அவ்வாண்டு நெல்லும் போயிற்று, பயறும் போயிற்று.

அதன்பின் பல முயற்சிகள் நடந்தன. படிந்த சேற்றை அகற்றினார்கள்; வரப்புக் கட்டி நல்ல நீரைத் தேக்கி வடித்தார்கள்; ஜிப்சம் இட்டார்கள். நம்மாழ்வார் போன்ற இயற்கை வேளாண்மை முன்னோடிகள் உழவரோடு வயலில் இறங்கி, தக்கைப்பூண்டு வளர்த்து மடக்கி உழவும், தழையும் மக்கு உரமும் இடவும் வழிகாட்டினார்கள். மக்கள் நம்பிக்கை இழந்து நின்ற வேளையில் அவர்கள் செய்த அந்தப் பணி போற்றத்தக்கது. அடுத்த ஓரிரு பருவங்களில் பல வயல்களில் மீண்டும் நெல் விளைந்தது.

ஆனால் இந்தக் கதையை இன்று சொல்கிறவர்கள் ஒரு பாத்திரத்தை விட்டுவிடுகிறார்கள். 2005இன் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட மிக அதிகமாகப் பெய்தது. மேல் மண்ணைக் கழுவ வேண்டியது 30 சென்டிமீட்டர் நீர். சாதாரண ஆண்டிலேயே அக்கடற்கரை அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதைப்போல் இரு மடங்குக்கு மேல் மழை பெறும். இயற்கை உரக் கட்சியினர் வெற்றியை உரத்துக்கு எழுதினார்கள். ஜிப்சக் கட்சியினர் ஜிப்சத்துக்கு எழுதினார்கள். இரு கணக்கிலும் மழைக்குரிய பங்கு சிறுத்துவிட்டது. ஒன்றுமே இடாமல் மழைக்கு விட்ட வயலை அருகிலே வைத்து ஒப்பிட்டால்தான் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்ல முடியும்.

உரத்துக்கு உரிய மரியாதை

அப்படியானால் இயற்கை உரம் வீணா? இல்லவே இல்லை. உப்பை உரம் தின்னாது என்று காட்டிவிட்டு, "ஆகவே தொழு உரம் பயனற்றது" என்று தாவுகிறவர்களும் தவறே செய்கிறார்கள். தண்ணீர் வண்டி என்றால், உரம் அதற்குப் பாதை போடுகிறது. கரிமப் பொருள் மண் துகள்களைக் குருணைகளாகச் சேர்க்கிறது. குருணைகளுக்கிடையே நீர் இறங்கும் வழி உண்டாகிறது. ஒரே மழை, உரமிட்ட வயலில் உள்ளே இறங்கி உப்பைக் கொண்டு போகும். இறுகிய வயலிலோ மேலோடு ஓடிவிடும்.

மூடாக்கின் பணி வேறு. ஆழமற்ற உப்பு நிலத்தடி நீர் நுண்புழை ஏற்றத்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், மேலே வருகிறது. வெயிலில் நீர் மட்டும் ஆவியாகி உப்பு மேலே தங்குகிறது. வைக்கோலோ தழையோ பரப்பினால் ஆவியாதல் குறையும். உப்பு ஏறுவதும் குறையும்.

களர் நிலத்தில் உரம் இரசாயன வேலையும் செய்கிறது. கரிமப் பொருள் மக்கும்போது கார்பன்-டை-ஆக்ஸைடு வெளிவந்து நீரில் கரைந்து மென்மையான அமிலமாகிறது. மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் அது கரைந்து கால்சியம் வெளிப்படுகிறது. இரு மின்சுமை கொண்ட கால்சியம், ஒரே சுமை கொண்ட சோடியத்தைத் தள்ளிவிட்டுக் களிமண் தகடுகளை நெருக்கிப் பிடிக்கிறது. மண் மீண்டும் குருணையாகிறது. ஜிப்சம் நேரடியாகக் கால்சியம் தந்து செய்வதும் இதுவே. ஆனால் தள்ளப்பட்ட சோடியத்தைக் கழுவிச் செல்ல இங்கும் தண்ணீரே வேண்டும். திருச்சிக்கு அருகே நாவலூர் குட்டப்பட்டில் உள்ள வேளாண்மைக் கல்லூரியின் நிலமே களர் நிலம். அங்கே சென்று பார்க்கும் வாய்ப்புள்ள மாணவர்கள் இந்தப் போராட்டத்தை நேரில் காணலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தக்கைப்பூண்டே ஒரு பயறினச் செடி. உவரையும் களரையும் நீர்த்தேக்கத்தையும் தாங்கி வளர்ந்து, வேரால் மண்ணைத் துளைத்து, வேர்முண்டில் நைட்ரஜன் சேர்த்து, இறுதியில் தானே உரமாகிறது. உளுந்து விளையாத மண்ணில் உளுந்தை வலிந்து திணிப்பதைவிட, அதன் உறவினரான தக்கைப்பூண்டை முன்னே அனுப்பி வைப்பதே முறை.

மாடியிலும் இதே விதி

நகர வாசகர்கள் இது கடைமடை உழவர் கவலை என்று எண்ண வேண்டாம். எங்கள் அசோக் நகரில் மாடிக்கு மாடி அவரையும் காராமணியும் வளர்க்கிறார்கள். சென்னையின் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு கலந்தது. லிட்டருக்கு 1.5 கிராம் உப்புள்ள நீரை ஒரு தொட்டிக்கு நாளொன்றுக்கு 1 லிட்டர் ஊற்றுவதாகக் கொள்வோம். 60 நாளில் 90 கிராம் உப்பு சேரும். அடித் துளை அடைபட்டிருந்து, தொட்டி மண் 4 லிட்டர் நீரைக் கொள்ளுமானால், லிட்டருக்கு 22 கிராமுக்கு மேல் வரும். அது கடல் நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு! இலை ஓரம் கருகுவதைக் கண்டு இன்னும் இரண்டு கை மண்புழு உரம் போடுகிறோம். உரத்திலும் சிறிது உப்பு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். செய்ய வேண்டியது துளையைத் திறந்து, மழை நீரையோ நல்ல நீரையோ வடிய வடிய ஊற்றுவது. 2003 முதல் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்பில் ஒரு பீப்பாயை இதற்கென ஒதுக்கலாம்.

அளந்து பார்க்கவும் வழியுண்டு. குடிநீரைச் சோதிக்கும் டி.டி.எஸ். பேனா உண்மையில் மின்கடத்துதிறன் அளக்கும் கருவியே. உலர்ந்த மண் ஒரு பங்கு, வாலை வடிநீர் ஐந்து பங்கு கலந்து குலுக்கித் தெளியவிட்டு அளவுங்கள். அந்த மின்கடத்துதிறனை மண்ணின் தன்மைக்கேற்ப ஏறத்தாழ 6 முதல் 14 மடங்காக்கினால் நிறைசாற்றின் அளவு தோராயமாகக் கிடைக்கும். களிமண்ணுக்குக் குறைந்த மடங்கு. மணலுக்கு அதிக மடங்கு.

உப்பு எங்கே போகும்?

இறுதியாக, "உரம் போடு" என்ற அறிவுரையில் மறைந்துள்ள ஒரு பெருங்குறை. வயலிலிருந்து கழுவிய உப்பு எங்கே போகும்? வடிகால் வழியே போக வேண்டும். கடைமடையில் நிலம் தாழ்வானது. நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. வடிகால் தூர்ந்தால் கழுவிய உப்பு மறு கோடையில் திரும்பி வரும். பக்கத்து நிலத்தில் உப்பு நீர்க் குட்டை இருந்தால் உள்ளிருந்தே உப்பு ஊறும். நாகப்பட்டினம் பகுதியில் பாடுபட்ட எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் இறால் பண்ணைகள் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, விளைநிலமும் குடிநீரும் உவர்ப்பாவது அதில் முக்கியமாகப் பேசப்பட்டது.

உரம் தனி ஓர் உழவர் தம் கையால் செய்யக்கூடியது. வடிகால் ஊரும் அரசும் சேர்ந்து செய்ய வேண்டியது. உரத்தை மட்டும் பேசினால், பயறு பொய்த்தபோது பழி உழவர் தலையில் விழும். "நீ போதிய உரம் போடவில்லை" என்று சொல்லிவிடலாம். தூர்ந்த வடிகாலைப் பற்றி யாரும் பதில் சொல்ல வேண்டியிராது. அறிவியல் அறிவுரை இத்தகைய ஒளிவிடமாகிவிடக் கூடாது.

ஆகவே, உப்பு மண்ணுக்கு வைத்தியம் கூறும் எதைப் படித்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். மண் உவரா, களரா? உப்பின் அளவு முன்னும் பின்னும் அளக்கப்பட்டதா? ஒன்றுமே இடாத பாத்தியோடு ஒப்பிட்டார்களா? கழுவிய நீர் எங்கே வடிந்தது? நான்குக்கும் விடை இருந்தால் அந்த அறிவுரையை நம்பி விதைக்கலாம். இல்லையேல், முழு வயலையும் பணயம் வைக்காமல், முதலில் ஒரு சிறு பாத்தியில் விதைத்துப் பாருங்கள்.